மூதூருக்குப் போன நூல்

சென்ற மாதம் திருகோணமலை லிங்கநகரில் உள்ள என் வீட்டுக்கு ஆடை வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். வேரிலிருந்தும் பட்டையிலிருந்தும் நூலுக்கு எப்படி நிறம் ஏற்றினோம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போக வந்தவர்கள். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத துணியை இப்போது உலகமெங்கும் தேடுகிறார்களாம்.

"அந்த நாளையிலேயே நீங்கள் இப்பிடி யோசிச்சிருக்கிறியள். எப்பிடி அன்ரி அந்த எண்ணம் வந்தது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கோஸ்டிக் சோடா வராமல் போனது பிள்ளை. வேற என்ன" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். கடுக்காயை எப்படி உடைப்பது, எந்தப் பாத்திரத்தில் அவிக்கக் கூடாது, வெயிலில் எது மங்கும் எது மங்காது என்று எல்லாம் சொன்னேன். எழும்பும் நேரத்தில் அதே பெண், "உங்களோட சேந்து வேலை செய்தவை ஆர் ஆர்?" என்று கேட்டாள். சரஸ்வதி மிஸ்ஸின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. என்னோடு மிக நெருங்கி வேலை செய்த ஒருவரை, வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை. அதை அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர்கள் போன பிறகு யோசித்து இதை எழுதுகிறேன்.

எங்கள் கைத்தறி நிலையம் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் இருந்தது. சோதனை எழுதிப் பெறுபேறு வந்ததும் என்னைச் சாயப் பகுதிக்கு எடுத்துக் கொழும்புப் பக்கம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சாயப் பொட்டலத்தில் எழுதியிருக்கிறபடி நிறுக்கவும் கரைக்கவும் மணிக்கூட்டைப் பார்த்து நூலை எடுக்கவும் அங்கே பழகினேன். பயிற்சி முடிந்து திரும்பி வந்தபோது ஊரில் சண்டை தொடங்கியிருந்தது.

அதற்கு முன்பெல்லாம் மூதூரிலிருந்து பெண்கள் காலை லோஞ்சுப் படகில் கொட்டியாரக் குடாவைக் கடந்து வந்து, எங்கள் நிலையத்தில் நெய்துவிட்டு, பின்னேர லோஞ்சில் திரும்புவார்களாம். லோஞ்சு ஓடும் நாளும் ஓடாத நாளும் யாருக்கும் தெரியாமல் போனதும் அவர்களுடைய வீட்டார் அனுப்பப் பயந்தார்கள். நான் வேலையை ஏற்றபோது தறிகள் ஆளில்லாமல் நின்றன. பொறுப்பாளராக இருந்த சரஸ்வதி மிஸ் ஒரு முடிவெடுத்தார். பெண்கள் தறிக்கு வர ஏலாது என்றால் தறி பெண்களிடம் போகட்டும். தறிகளைக் கழற்றி, கட்டைகளை இலக்கமிட்டுக் கட்டி, லோஞ்சில் ஏற்றி மூதூரில் வீடு வீடாகப் பூட்ட வைத்தார். அன்றிலிருந்து சாயம் இந்தக் கரையில், நெசவு அந்தக் கரையில்.

நடுவில் போய்வந்தவர் சலீம் நானா. லோஞ்சில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. சாயமிட்ட நூற்கட்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோவார். நெய்த துணியை அதே சாக்கில் கொண்டுவருவார். சோதனைச் சாவடியில் ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துக் காட்டி, சிக்கல் விழாமல் திரும்பக் கட்டுவதற்கு அவருக்குப் பொறுமை இருந்தது.

சரஸ்வதி மிஸ் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. துணி வந்தால் தன் கதிரையை வாசலடிக்கு இழுத்துப் போடுவார். துணியை மடியில் விரித்து, ஒரு முழம் ஒரு முழமாக நகர்த்திக் கரைக்குக் கரை பார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரோடு கதைப்பதில்லை. பிழை இருந்தால் ஏசமாட்டார். "இது நாங்கள் செய்ததெண்டு ஒராளிட்டச் சொல்லேலுமோ பிள்ளை?" என்று மட்டும் கேட்பார். அதைவிட ஏசியிருக்கலாம் என்று தோன்றும். இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. புது நிறம் எதுவானாலும் முதல் துண்டில் தன் சீலைக்கு ஒரு சட்டை தைத்துக்கொள்வார். அதை உடுத்து வெயிலில் நடந்து, வியர்த்து, கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு அடித்துத் தோய்த்து, நிறம் நிற்கிறது என்று தனக்கே நிச்சயமான பிறகுதான் விற்க விடுவார். எங்களிடம் பரிசோதனைக் கூடம் இருக்கவில்லை. மிஸ்ஸின் முதுகுதான் இருந்தது.

மூதூரில் நெய்தவர்களில் ஒருவர் ஜெமீலா. என்னைவிட வயதில் மூத்தவர் என்று மட்டும் தெரியும். முன்பு நிலையத்தில் நெய்தபோது யன்னலோரத் தறி அவருடையதாம். மற்றவர்கள் நெய்த துணி ஒழுங்காகத்தான் வரும். ஜெமீலாவின் துணியோ பதில் சொல்லிக்கொண்டு வரும்.

அதை நான் கண்டுகொள்ளச் சில காலம் எடுத்தது. ஒருமுறை துணியின் ஓரத்தில் ஒரு சிறு நூல் வளையம் முடிச்சிட்டுக் கிடந்தது. மறதியாக விட்டது என்று நினைத்துக் கத்தரித்தேன். அடுத்த துணியிலும் அதே வளையம். அந்த இடத்தை உற்றுப் பார்த்தேன். வளையத்துக்கு நேரே, குறுக்கே ஓடும் ஊடை நூலின் நீலம் ஒரு சாயல் வெளிறியிருந்தது. கட்டின் உட்பக்கத்துக்குச் சாயம் சரியாக ஏறவில்லை. என் பிழையை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரிக் காட்டியிருக்கிறார். அடுத்த தடவை கட்டைத் தளர்த்திக் கட்டிச் சாயமிட்டு அனுப்பினேன். வளையம் வரவில்லை.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு கதை தொடங்கியது. நான் கறுப்பும் நீலமும் அனுப்பினால், கேட்காமலே பழைய மிச்ச நூலில் ஒரு மஞ்சள் கோடு நடுவே ஓடிவரும். அதைப் பார்த்து அடுத்த கட்டில் நான் மஞ்சளைக் கூட்டுவேன். அவர் அதைக் கரைக்குத் தள்ளி நடுவே வெறும் வெள்ளையை விட்டு அனுப்புவார். ஓ, இப்படியும் ஆகுமோ என்று நான் அன்றைக்கெல்லாம் அதை நினைத்துக்கொண்டிருப்பேன். சாக்கு வரும் நாட்களில் சலீம் நானாவின் குரல் கேட்டதும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

"ஜெமீலா ராத்தா என்ன சொன்னவ?" என்று கேட்பேன். மூதூரில் அக்காவை ராத்தா என்பார்கள்.

"என்னத்தச் சொல்ற. சாக்கத் தந்தாங்க, வாங்கிட்டு வந்த" என்பார் அவர்.

பிறகு ஒரு காலம், சாயத்துக்கு வேண்டிய கோஸ்டிக் சோடாவும் மற்ற மருந்துகளும் வருவது நின்றது. சண்டைக்காரர் கைக்குப் போய்விடும் என்று அப்படியான சாமான்களுக்கு இராணுவ அனுமதி வேண்டும். மிஸ் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. இருந்ததைச் சிக்கனமாகப் பாவித்துப் பாவித்து ஒருநாள் தகரங்கள் வெறுமையாயின. வெள்ளை நூலை மட்டும் மூதூருக்கு அனுப்பினோம். வெள்ளைத் துணி கொழும்பில் விலைப்படவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, விற்பனை இல்லாத நிலையத்தை வைத்திருக்க ஏலாது, மூடுவதுதான் வழி என்று சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

மூடினால் எங்களுக்கு வேறு அரசாங்கக் கந்தோரில் மேசை வேலை கிடைக்கும். மூதூர்ப் பெண்களுக்கு என்ன கிடைக்கும்? மீன்பிடிக்கக் கடலில் இறங்கத் தடை, வயலுக்குப் போகப் பயம் என்று அங்கே பல வீடுகள் அந்தத் தறியில்தான் அடுப்பு மூட்டின.

மிஸ் அன்றைக்கும் கதிரையை வாசலடிக்கு இழுத்துப் போட்டார். ஆனால் மடியில் துணி இல்லை. கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அங்க கரையில வலை காயுது, பாத்தியோ? அது என்ன நிறம்?"

"மண்ணிறம் மிஸ்."

"எதில போட்டது?"

"பனிச்சங்காய்ப் பால். இல்லாட்டிக் கண்டல் பட்டை."

"வருசக் கணக்கா உப்புத் தண்ணிக்குள்ள கிடந்தும் போகேல்ல. அதுக்கு அனுமதி எடுக்கத் தேவையில்லை" என்றார்.

அப்படித்தான் தொடங்கினோம். கண்டல் பட்டையில் மண்ணிறம் எடுத்தோம். கடுக்காய்த் தண்ணீரில் நனைத்த நூலை, துறைமுகத்தில் துருப்பிடித்துக் கிடந்த இரும்பை ஊறவைத்த தண்ணீரில் போட்டால் கண் முன்னாலேயே கறுக்கும். மஞ்சளுக்கு மஞ்சள் இருந்தது. அது வெயிலில் நிற்காது என்பதால் மாதுளம் தோலையும் சேர்த்தோம். அவுரி தானாக முளைக்கும் இடங்கள் இருந்தன. நீலம் கொஞ்சம் கிடைத்தது. புத்தகத்தில் படித்தது கொஞ்சம், மீன்பிடிகாரரிடம் கேட்டது கொஞ்சம், கையைச் சுட்டுக்கொண்டு அறிந்தது மீதி. கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு பெண்மணி மாதிரித் துண்டுகளைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றும், ஆனால் சிவப்பு இல்லாமல் சீலை எடுக்கமாட்டேன் என்றும் சொல்லி அனுப்பினார். நிறம் போகாத சிவப்பு வேண்டும். கொடுத்தால் தொடர்ந்து எடுப்பதாகச் சொன்னார். அந்த வாக்கை வைத்து நிலையத்தை மூடாமல் வைக்க அதிகாரியிடம் மிஸ் கொஞ்ச காலத் தவணை வாங்கினார்.

சிவப்புத்தான் எங்களைப் படாத பாடு படுத்தியது.

சிவப்புக்குச் சாயவேர் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் வேர் என்று விற்பது அதுதான். புல்மோட்டைப் பக்கத்து மணல் தரையில் கிண்டி எடுத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மயிர் போல மெல்லிய வேர். முதலில் நூலைக் கடுக்காய்த் தண்ணீரில் எருமைப்பால் கலந்து ஊறவைக்க வேண்டும். தம்பலகாமத்துப் பால் வந்தால்தான் அந்த வேலை. காயவிட்டுப் பிறகு சீனக்காரம் என்ற படிகாரம் கரைத்த தண்ணீரில் தோய்த்துத் திரும்பக் காயவிட வேண்டும். வேரை இடித்துக் கிடாரத்தில் போட்டு, தண்ணீர் கொதிக்க விடாமல், கை பொறுக்கிற சூட்டிலிருந்து மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றி, நூலைப் புரட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் சிவப்புப் போய்க் காவி வந்துவிடும். நான் ஒரு விறகைத் தள்ளுவதும் இழுப்பதுமாக நின்றேன். வெளியே எடுத்தபோது நூல் நன்றாகச் சிவந்திருந்தது. மிஸ்ஸுக்குச் சட்டை தைத்தோம்.

அவர் அதை உடுத்து வெள்ளைச் சீலையோடு சந்தைக்குப் போன அன்று மழை பிடித்தது. நானும் கூடப் போயிருந்தேன். சோதனைச் சாவடி வரிசையில் நின்றோம். குடை இல்லை. மிஸ்ஸின் முறை வந்து அடையாள அட்டையை நீட்டியபோது, காவலுக்கு நின்ற இளம் கடற்படை வீரன் ஒரு அடி பின்னால் போனான். "லே, லே" என்றான். சிங்களத்தில் இரத்தம் என்று அர்த்தம். அப்போதுதான் நான் பார்த்தேன். சட்டைக் கையிலிருந்து சிவப்பு ஒழுகி முழங்கை வழியாக விரல் நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சீலையின் இடுப்பெல்லாம் சிவப்பு. வரிசையில் நின்ற சனம் கலைந்தது. யாரோ அழத் தொடங்கினார்கள். வீரன் துவக்கைச் சரிபார்ப்பதா மிஸ்ஸைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றான். அவனுக்கு என் தம்பியின் வயதுதான் இருக்கும்.

மிஸ் அசையாமல் நின்று, தெரிந்த சிங்களத்தில், "பயப்படாதே மகன், இது சாயம்" என்றார். அவன் நம்பவில்லை. மிஸ் மழையில் கையை நீட்டிக் கழுவிக் காட்டினார். கீழே காயம் இல்லாத தோல். அவன் அதை நெடுநேரம் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்த தன் மழை அங்கியை எடுத்து மிஸ்ஸின் தோளில் போட்டுவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. தெருவுக்குத் திரும்பியதும் மிஸ் சொன்னார்.

"நிறம் நல்ல நிறம்தான். நூலோட சிநேகமாகேல்ல. அவ்வளவுதான்."

திரும்பத் தொடங்கினேன். சீனக்காரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். பாலைக் கூட்டினேன். கழுவும்போது ஒழுகுவது நின்றது. ஆனால் நிறம் செங்கல் நிறமாக, உயிரில்லாமல் வந்தது. அதிகாரி கொடுத்த தவணை கரைந்துகொண்டிருந்தது. கிடைத்ததை மூதூருக்கு அனுப்பினேன், மற்றவர்களுக்கு அல்ல, ஜெமீலாவுக்கு. வேறு என்ன செய்வதென்று தெரியாததால் அனுப்பினேன் என்பதுதான் உண்மை.

அடுத்த சாக்கில் அவர் ஒரு சாண் அகலத் துண்டு நெய்து அனுப்பியிருந்தார். நெய்த பிறகு நனைத்துக் காயவும் போட்டிருந்தார். செங்கல் நிறத் துணி. அதன் ஓரத்தில் ஒரு வளையம், கொஞ்சம் தள்ளி இன்னொன்று, பிறகும் ஒன்று. ஒவ்வொரு வளையத்துக்கும் நேரே, நூல் அறுந்து முறுக்கி இணைத்த இடம் விரல் நுனி அளவுக்கு மாறியிருந்தது. அந்த இடங்களில் செங்கல் நிறம் இல்லை. ஆழமான, தெளிவான சிவப்பு.

"ராத்தா என்ன சொன்னவ?" என்று சலீம் நானாவைக் கேட்டேன்.

"அந்த எடத்தப் பாக்கச் சொன்னாங்க. அவங்கட கை பட்ட எடமாம்."

"கையில என்ன?"

அவர் சிரித்தார். "வேற என்ன. வெத்தில போடுற கை."

துணியை மூக்கருகே கொண்டுபோனேன். நனைத்துக் காய்ந்த பிறகும் சுண்ணாம்பு வாசம் கொஞ்சம் இருந்தது. எங்கள் நிலையத்துக்கு வந்த குழாய்த் தண்ணீர் மிக மென்மையான தண்ணீர். வேருக்கு வேண்டிய ஏதோ ஒன்று அதில் இல்லை, சுண்ணாம்பில் இருக்கிறது. அதை ஜெமீலா கண்டிருக்கிறார். கண்டதோடு நிற்காமல், நிச்சயமாக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார். அதனால்தான் வளையம் ஒன்றுக்கு மேல் இருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். மிஸ் கண்டும் காணாதவர் போல உள்ளே போனார்.

சிப்பிச் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் கிடாரத்தில் ஊற்றினோம். கூடினால் ஊதாவுக்குப் போனது. குறைந்தால் செங்கல். கடைசியில் ஒரு அளவு பிடிபட்டது. மிஸ்ஸுக்குப் புதுச் சட்டை தைத்தோம். மிஸ் அதை உடுத்தார், தோய்த்தார், நல்ல மழைக்காகக் காத்திருந்து வேண்டுமென்றே நனைந்தார். வெள்ளைச் சீலை வெள்ளையாகவே இருந்தது. கொழும்புப் பெண்மணி வந்து, கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துத் துணியின் ஓரத்தை அமிழ்த்தி, தன் வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். பிறகு சீலைகளுக்குச் சொல்லிவிட்டுப் போனார். நிலையம் மூடப்படவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் நான் வேலை செய்த காலத்திலேயே நல்ல வருடங்கள். வெளியில் நல்ல வருடங்கள் அல்ல. லோஞ்சு நின்றது, ஓடியது. ஈச்சிலம்பற்றில் இருந்த என் மாமா குடும்பத்தின் செய்தி மாதக் கணக்கில் வராமல் இருக்கும். ஆனால் சாக்கு போனது, சாக்கு வந்தது. சிவப்புக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைப்பது என்று நானும் ஜெமீலாவும் நூலாலேயே வாதாடினோம். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

என் அம்மா இறந்தபோது சில நாள் நான் வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போன அன்று சாக்கு வந்திருந்தது. சீலைகளுக்கு நடுவே ஒரு துண்டு தனியாக மடித்திருந்தது. வெள்ளை. கோடு இல்லை, கரை இல்லை, வளையம் இல்லை. நாங்கள் கேட்காத வேலை. தன் வீட்டு நூலில் நெய்திருக்க வேண்டும். சலீம் நானா சாக்கை இறக்கிவிட்டு, அன்றைக்கு மட்டும், நான் கேட்காமலே, "ராத்தாட்டச் சொன்ன நான்தான்" என்றார்.

அந்தத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். அன்றிலிருந்துதான் அவரைக் காண வேண்டும் என்ற ஆசை எனக்குள் வந்து உட்கார்ந்தது. அவருடைய முகம் எப்படி, நடை எப்படி என்று யோசிப்பேன். மெல்லிய ஆள், அதிகம் பேசாதவர், வெளிச்சத்துக்கு முகம் திருப்பி இருப்பவர் என்று ஒரு ஆளை நானாகவே நெய்து வைத்திருந்தேன்.

சண்டை ஓய்ந்திருந்த ஒரு காலம் வந்தது. மிஸ் ஓய்வுபெறும் காலம் நெருங்கியிருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாவன் பிள்ளை. நூலோடயே எத்தினை நாளைக்குக் குடும்பம் நடத்துறது?" என்றார். சலீம் நானா இரண்டு பக்கமும் சொல்லி ஒழுங்குபண்ணினார். ஜெமீலா மூதூர் இறங்குதுறைக்கு வருவார். நான் அடையாளம் காண எங்கள் சிவப்பில் நெய்த சீலை உடுத்து நிற்பார்.

வெள்ளைத் துண்டுக்குப் பதிலாக நான் என்ன கொண்டுபோவது என்று பல நாள் யோசித்து, கடைசியில் எள்ளுருண்டை செய்து எடுத்துக்கொண்டேன். லோஞ்சில் முன் பக்கத்தில் இடம் பிடித்தேன். குடாவின் நடுப்பகுதியைக் கடந்து, மூதூர்க் கரையில் நிற்கும் ஆட்கள் பொட்டுப் பொட்டாகத் தெரியத் தொடங்கிய நேரத்தில், கடற்படைப் படகு ஒன்று வந்து லோஞ்சை மறித்தது. ஊருக்குள் ஏதோ கலவரமாம், கரைக்குப் போக ஏலாதாம். லோஞ்சு திரும்பியது. நான் எழும்பிப் பின்பக்கம் போய் நின்று பார்த்தேன். அந்தப் பொட்டுகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. கையைத் தூக்கி ஆட்டினேன். அங்கிருந்து தெரிந்திருக்காது என்று தெரியும். கரை மறையும் வரை ஆட்டினேன்.

மிஸ் ஓய்வுபெற்று மட்டக்களப்பில் இருந்த மகளிடம் போனார். போன சில வருடத்தில் அங்கேயே காலமானார். சண்டை திரும்பத் தொடங்கியது. ஒருநாள் மூதூர்ச் சனம் முழுவதும் உடுத்த உடுப்போடு கந்தளாய்ப் பக்கம் நடந்துபோய்விட்டது என்று கேள்விப்பட்டேன். ஜெமீலாவின் தறியில் அப்போது நெடுக்கு நூலான பாவு சிவப்பில் ஏற்றியிருந்தது. நான் அனுப்பிய நூல். சாக்கு வரவில்லை. சலீம் நானாவையும் காணவில்லை. சனம் திரும்பிய பிறகும் வேலை திரும்பவில்லை. நிலையத்தை மூடினார்கள். என்னை ஒரு கந்தோரில் போட்டார்கள். மேசைக்கு முன்னால் இருந்து ஓய்வு பெற்றேன்.

சண்டை முடிந்து, ஆறுகளுக்குக் குறுக்கே பாலங்கள் போட்டு, திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் உடனே போகவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒருநாள் காலையில் எழும்பிப் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

முற்றத்தில் பெருத்த உடம்போடு, சத்தமாக யாரையோ ஏசிக்கொண்டு ஒரு பெண் நின்றார். நான் யார் என்று சொன்னதும் ஏச்சை அப்படியே விட்டுவிட்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீங்களா? என்ன புள்ள இவ்வளவு கட்டையா இரிக்கீங்க? நான் நல்ல உசந்த ஆளெண்டெல்லோ நெனச்சிட்டிருந்த."

கதிரை போட்டார். மகளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி வைக்கச் சொன்னார். பிறகு கதைத்தார். ஓய்வூதியம் எவ்வளவு, வீடு சொந்தமா, ஏன் கலியாணம் முடிக்கவில்லை, முழங்காலுக்கு எந்த டொக்டர் நல்லம் என்று ஒன்றையும் விடவில்லை. சலீம் நானா இடம்பெயர்ந்த இடத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார் என்றும் சொன்னார். நான் பதில் சொல்லிக்கொண்டே அவரைத் தேடிக்கொண்டிருந்தேன். துணியில் நான் அறிந்த ஜெமீலா ஒரு சொல்லையும் வீணாக்காதவர். இவர் ஒரு நிமிடமும் சும்மா இருக்கவில்லை. எனக்குள்ளே எதுவோ வற்றியது.

"தறி?" என்று கேட்டேன்.

"தறியா? திரும்பி வந்தா ஊடு வாசலே இல்ல. எங்க தறி."

"அதில சிவப்புப் பாவு ஏத்தியிருந்தது."

"ஓ, அது. ஓடக்குள்ள நெய்து முடிஞ்சத மட்டும் அறுத்துச் சுருட்டி இடுப்பில கட்டின. முகாமில இவளுக்கு வகுத்து வலி வந்திச்சு." தேத்தண்ணி கொண்டுவந்த மகளைக் காட்டினார். "மரத்துக்குக் கீழ சனத்துக்கு நடுவில கிடக்கிறாள். அந்தச் சீலையத்தான் நாலு பேர் நாலு மூலைல புடிச்சு மறைச்ச. அதுக்குள்ளதான் பேரன் பொறந்தான்."

என் வாயில் அந்த நேரத்தில் வந்த கேள்வியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"சாயம் இறங்கினதோ?"

"கழுவிப் பாக்கத் தண்ணி எங்க புள்ள? குடிக்கவே வரிசை" என்றார். பிறகு அது என்ன ஆனது என்று அவருக்கு நினைவில்லை.

லோஞ்சு திரும்பிய நாளைப் பற்றி நானே எடுத்தேன். உங்களைத் தூரத்திலிருந்து கண்டேன், கை காட்டினேன் என்றேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"அண்டைக்கி நான் எறங்குதொறைக்கு வரல்லியே. ஊருக்குள்ள கொளப்பமெண்டு இவள்ட வாப்பா வெளிய எறங்க உடல்ல. சீலைய உடுத்திட்டு ஊட்டுக்குள்ளதான் இரிந்த."

அப்படியென்றால் நான் இத்தனை காலமும் மனதில் வைத்திருந்த சிவப்புப் பொட்டு யாரோ ஒரு பெண். யாருக்கோ காத்து நின்றவள். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினேன். அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அடுத்த முறை வரும்போது எந்த வழியால் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே என் முந்தானையைப் பிடித்தார். பிடித்ததும் பேச்சு நின்றது. துணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து மெல்லத் தேய்த்தார். கரையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். நூல் எங்கே இறுகியிருக்கிறது எங்கே தளர்ந்திருக்கிறது என்று விரல் நுனியால் தேடிக்கொண்டு போனார். கண் வேறு எங்கோ இருந்தது. முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. நான் அறிந்தவர் அப்போதுதான் அந்த வீட்டுக்குள் வந்திருந்தார்.

"கடைச் சீலையா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"ஓம் ராத்தா. கடையிலதான் வாங்கினனான்."

முந்தானையைத் திரும்ப என் தோளில் எடுத்துப் போட்டு, மடிப்பை ஒருமுறை தட்டிச் சரிசெய்தார்.

"வெயில் ஏறப் போகுது. கெதியாப் போங்க" என்றார். பிறகு உள்ளே திரும்பி மகளிடம் சத்தமாக எதையோ கேட்கத் தொடங்கினார்.

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. மூதூர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டபோது இருந்ததைவிட, அவரைக் காண வேண்டும் என்ற ஆசை எனக்கு இப்போது கூடியிருந்தது.